மறுமொழி: ரெமிட்டன்ஸ் – 'அனுப்புபணம்' சரிவருமா?

> 'வெளிநாட்டு வரவு' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

வணக்கம். பிழைக்கப் போன இடத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு அனுப்புகிற பணத்தை ஆங்கிலத்தில் ரெமிட்டன்ஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'வெளிநாட்டு வரவு' என்று வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரகடத்தில் ஆலை போட ஒரு நிறுவனம் கொண்டுவருகிற பணமும் வெளிநாட்டு வரவுதான், பங்குச்சந்தையில் இன்றைக்குப் போட்டு நாளைக்கே எடுத்துக்கொண்டு போகிற பணமும் வெளிநாட்டு வரவுதான். இரண்டும் லாபத்தை எதிர்பார்த்து வருகிற முதலீடு, ஒருநாள் திரும்பிப் போகக்கூடியது. துபாயில் கம்பி கட்டுகிறவர் வீட்டுக்கு அனுப்புவது அப்படியில்லை, வந்தால் வந்ததுதான், யாருக்கும் திருப்பித் தர வேண்டாம். அதனால்தான் வெளிநாடுகளோடு நாடு வைத்திருக்கிற வரவுசெலவில் வீட்டுக்கு அனுப்புகிற பணம் 'நடப்புக் கணக்கு' என்ற பகுதியிலும், முதலீடு 'மூலதனக் கணக்கு' என்ற பகுதியிலும் ஏறுகின்றன. உலக வங்கிக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவுக்கு இப்படி வந்தது சுமார் 11,100 கோடி டாலர், உலகிலேயே அதிகம். இவ்வளவு பெரிய விஷயத்துக்குத் தனிச்சொல் வேண்டாமா?

அப்புறம், 'வெளிநாட்டு' என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கக்கூடாது. நம் மெட்ரோ வேலையில் இருக்கிற பீகார், ஒடிசாக்காரர்கள் சம்பளம் வாங்கியதும் பக்கத்து ரீசார்ஜ் கடையில் காசைக் கொடுத்து ஊர்க் கணக்கில் போடச் சொல்கிறார்கள். அதுவும் இதேதான்.

'உண்டியல்' என்று இன்னொரு நண்பர் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. கோயில் உண்டியல் இல்லை, பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டு நகரத்தார் கொடுக்கல் வாங்கலில் புழங்கிய சொல். ஆனால் இன்றைக்கு அது கணக்கில் வராமல் கைமாற்றி அனுப்புகிற வழியைக் குறிக்கிறது, சட்டம் அனுமதிக்காத வழி. வங்கி மூலம் ஒழுங்காக அனுப்புகிறவர் பணத்தையும் உண்டியல் என்றால் அவருக்குத்தான் சங்கடம். 'செலுத்துகை' என்றால் கருவூலத்தில் செலான் கட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை: அனுப்புபணம். குடிநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. அனுப்பிய, அனுப்புகிற, அனுப்பும் பணம் மூன்றும் அதில் அடங்கும். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் மிகாது, 'அனுப்புப்பணம்' என்று தயவுசெய்து எழுதவேண்டாம். முன்னால் உள்நாட்டு, வெளிநாட்டு என்று தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். 'அனுப்புபணக் கட்டணம்' என்றும் நீட்டலாம். அந்தக் கட்டணத்தைப் பற்றித் தமிழில் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியாக 6 சதவீதத்தை ஒட்டிப் பிடிக்கிறார்கள், 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு, பிடித்தம் போவதோ எழுத்துக்கூட்டித் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரின் கூலியிலிருந்து.

என் அப்பா சவூதியில் இருந்தபோது பதிவுத்தபாலில் டிராஃப்ட் வரும். அம்மா அதை மண்ணடி வங்கிக்கு எடுத்துப் போவார். வீட்டில் அதற்குப் பெயர் 'அப்பா அனுப்புற பணம்'. சொல் அங்கிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஊருக்கு வரும்போது பெட்டியில் தங்கமாகவும் சாமானாகவும் கொண்டுவருகிறார்களே, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் 'பணம்' பொருந்தவில்லை. அதற்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?