.32 பிஸ்டல்: வேர்வையில் துரு, வேட்டியில் பாரம். பாலிமருக்கு மாறலாமா?

நீடாமங்கலம் மில்காரர்:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் நெல் அரவை மில் வைத்திருக்கிறேன். குறுவை, சம்பா அறுவடை நாட்களில் மன்னார்குடி பேங்கிலிருந்து ரொக்கம் எடுத்து வர வேண்டியிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் கோரையாற்றுப் பாலம் தாண்டியதும் இரண்டு பைக்கில் வந்தவர்கள் வண்டியை மறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு, பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, .32 பிஸ்டல் ஒன்று வாங்கினேன் (.32 என்பது அங்குலக் கணக்கில் குழல் அளவு). பிடியோடு சேர்ந்த உடல்பகுதியான ஃபிரேம், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, எல்லாமே இரும்பு.

இப்போது இரண்டு தொல்லை. முதலாவது துரு. இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது. உடம்பில் படுகிற வலது பக்கத்தில் மட்டும், குறி பார்க்கிற பின் குறிக்குக் கீழே கடுகு சிதறின மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். பிடியின் திருகுத் தலையில் ஒரு வளையம். துடைத்தால் போகிறது, நான்கு நாளில் திரும்ப வருகிறது. இரண்டாவது பாரம். நான் வேட்டிதான் கட்டுவேன். மேலே நம் ஊர்ப் பச்சை பெல்ட். உறையை அதில் மாட்டினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பெல்ட்டே திரும்பிவிடுகிறது. வண்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம் கை தானாக இடுப்புக்குப் போகிறது. பார்க்கிறவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டல்லாஸில் இருக்கும் சித்தப்பா மகன், "இரும்பெல்லாம் பழைய காலம், பாலிமர் ஃபிரேமுக்கு மாறுங்க" என்கிறான். பாலிமர் என்றால் கெட்டிப் பிளாஸ்டிக். இதை விற்றுவிட்டு மாறலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டெக்ஸாஸ் குடந்தையான்:

அண்ணே, உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. இங்கே மறைத்து எடுத்துச் செல்பவர்களில் பெரும்பாலோர் பாலிமர்தான் வைத்திருக்கிறார்கள். 1970-லேயே ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் பாலிமர் ஃபிரேமில் வி.பி.70 கொண்டுவந்தது, ஆனால் எடுபடவில்லை. 1980-களில் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17-ஐ எடுத்துக்கொண்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் சின்ன வடிவம் க்ளாக் 19, காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) 670 கிராம். ஏறக்குறைய அதே அளவில் முழு இரும்பான செக் நாட்டு சி.இசட். 75 காம்பாக்ட் 920 கிராம். கால் கிலோ வித்தியாசம். காலை முதல் இரவு வரை இடுப்பில் இருக்கும் பொருளில் கால் கிலோ என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதே சி.இசட். கம்பெனியின் அலுமினியம் ஃபிரேம் பி-01-ஐயும் பாலிமர் பி-07-ஐயும் பக்கத்தில் வைத்தால் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு வந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். நான் ஆறு வருஷமாக வைத்திருப்பது அலுமினியம்தான். சுடும்போது கையில் நிலையாக நிற்கிறது, கனம் கொஞ்சம் இருப்பதால் இரண்டாவது குண்டு முதல் குண்டின் பக்கத்திலேயே போகிறது.

ஒன்று கவனியுங்கள். இங்கே நடக்கிற விவாதமெல்லாம் 9 எம்.எம். தோட்டா போடும் பிஸ்டல் பற்றியது. உங்களுடையது .32. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா என்று துப்பாக்கி வேலை தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

திருவெறும்பூர் ஃபிட்டர்:

தம்பி, நான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் செய்தது ராணுவ ரைஃபிள், பிஸ்டல் இல்லை. ஆனால் இரும்பும் துருவும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்.

முதலில் துரு. பாலிமர் ஃபிரேம் வாங்கினாலும் ஸ்லைடு இரும்பு, குழல் இரும்பு, ஸ்பிரிங், பின் எல்லாம் இரும்பு. ஃபிரேமுக்குள் ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம்கூட பொதுவாக உள்ளே பதித்த இரும்புத் துண்டுதான். உங்களுக்குத் துரு வந்திருப்பது எங்கே? பின் குறிக்குக் கீழே, அதாவது ஸ்லைடில். பிஸ்டலை மாற்றினாலும் அந்த இடம் இரும்பாகவே இருக்கும். க்ளாக் ஸ்லைடு துருவைத் தாங்குவது ஃபிரேம் பாலிமராக இருப்பதால் இல்லை. ஸ்லைடுக்கு நைட்ரஜன் ஏற்றி மேல்தோலையே கெட்டியாக்குகிறார்கள், அதனால் தாங்குகிறது. உங்களுடையதில் இருப்பது சாதாரணக் கறுப்புப் பூச்சாக இருக்கும். அதுவே ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான், ரொம்ப மெல்லியது. அந்தப் பூச்சு தானாகக் காப்பாற்றாது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த எண்ணெய்தான் காப்பாற்றும். வேர்வை அந்த எண்ணெயைக் கழுவிவிட்டால் பூச்சு இருந்தும் பிரயோசனமில்லை.

இரண்டாவது, அந்தத் தம்பி கேட்ட .32 கணக்கு. 9 எம்.எம். குண்டின் வேகமும் எடையும் சேர்ந்த ஆற்றல் சுமார் 500 ஜூல். .32 குண்டு 170, 180-க்குள். மூன்றில் ஒரு பங்கு. அதனால் சுடும்போது பின்னால் தள்ளும் உதையைத் தாங்க இரும்பின் கனம் வேண்டும் என்ற வாதம் உங்களுக்குக் குறைவாகத்தான் பொருந்தும். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் ஸ்லைடையும் குழலையும் பூட்டுகிற அமைப்பு கிடையாது. குண்டு வெளியே போகிற வரைக்கும் ஸ்லைடு தன் எடையாலும் ஸ்பிரிங் பலத்தாலும்தான் பின்னால் போகாமல் நிற்க வேண்டும். ஸ்லைடு கனமாகவே இருந்தாக வேண்டும் என்பதால், ஃபிரேமைப் பிளாஸ்டிக் ஆக்கினாலும் 9 எம்.எம்.மில் கிடைக்கிற மாதிரி எடை குறையாது. ஸ்லைடை இழுப்பது கடினமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

இப்போது உங்கள் உறைக்கு வருகிறேன். தோல் உறைதானே? இரவில் பிஸ்டலை அதிலேயே வைத்து பீரோவில் பூட்டுகிறீர்களா?

டெக்ஸாஸ் குடந்தையான்:

ஐயா சொல்வது சரி. .32-இல் பூட்டும் அமைப்போடு 1999-இல் இங்கே கெல்-டெக் பி-32 என்று பாலிமரில் வந்தது, காலியாக 200 கிராமுக்குள். அது விதிவிலக்கு, இந்தியாவுக்குள் கொண்டுவரவும் வழியில்லை.

நீடாமங்கலம் மில்காரர்:

ஆமாம் ஐயா, தோல் உறைதான். அதிலேயே வைத்துத்தான் பூட்டுகிறேன். அதுதான் தப்பா?

திருவெறும்பூர் ஃபிட்டர்:

பாதித் தப்பு அதுதான். தோலைப் பதனிடும்போது போட்ட உப்பும் புளிப்பும் உள்ளே தங்கியிருக்கும். அதோடு உங்கள் வேர்வை ஊறியிருக்கிறது. ஈரச்சாக்கில் நெல்லைக் கட்டி வைப்பதும் இதுவும் ஒன்றுதான். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். அப்புறம் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெயில் தொட்ட துணியால் ஒரு பூச்சு. பளபளக்கக் கூடாது, விரலில் லேசாக வழுக்கினால் போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனிப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

இருக்கிற புள்ளிகளுக்கு, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து முரட்டுத் துணியால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கை விளக்குவது போலப் புளி, எலுமிச்சை எதுவும் கிட்டேயே வரக் கூடாது. புளிப்பு பட்டால் துருவோடு கறுப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடும். நகத்தை ஓட்டிப் பார்த்துப் பள்ளம் தட்டினால் மட்டும் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள்.

வேதாரண்யம் உப்பளத்தான்:

எங்கள் ஊரில் கதவு ஆணியே ஒரு வருஷம் நிற்காது. அப்பாவின் இரட்டைக்குழல் முப்பது வருஷம் துருவில்லாமல் நிற்கிறது. காரணம் ஒன்றே ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் தினமும் துடைப்பார், மற்ற மாதங்களில் வாரம் ஒரு முறை. துடைத்த பிறகு வெறுங்கையால் குழலைத் தொட விடமாட்டார்.

மாயவரம் செல்வி:

அண்ணா, எண்ணெய் என்றதும் சொல்லத் தோன்றியது. என் தாத்தா தன் துப்பாக்கிக்குக் கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயைப் போடுவார். மார்கழிக் குளிரில் அது உறைந்து, நாளாக நாளாகப் பசை மாதிரி இறுகி, தோட்டாவைத் தட்டும் ஊசி போகும் வழியையே அடைத்துவிட்டது. ஒரு நாள் விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. அவர் குழலைத் திருப்பிப் பார்க்கப் போனார், பாட்டி கத்தித் தடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சமையல் எண்ணெய் எதுவும் போடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தோட்டாவைத் தனியாக வேறு பூட்டில் வையுங்கள். சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது பூட்டியதாகவே ஆகாது. எல்லாப் பிள்ளைக்கும் அந்த இடம் தெரியும்.

தஞ்சாவூர் வக்கீல்:

விற்று மாற்றுவதைப் பற்றிக் கேட்டதால் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். 9 எம்.எம். நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குழல் அளவு. சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. ஆகவே க்ளாக் 19 பற்றிய பேச்சு இங்கே அறிவுக்கு மட்டும்தான். 1980-களிலிருந்து பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யவும் முடியாது. பழைய வால்தர் பி.பி.கே. போன்றவை கைமாறும்போது லட்சக்கணக்கில் விலை சொல்வது அதனால்தான். அதுவும் 1931-இல் வந்த மாடல், இரும்புதான். ஆசைப்பட்டு ஏமாறாதீர்கள்.

உள்நாட்டில் எடை குறைவு வேண்டும் என்றால் ரிவால்வர் பக்கம் பார்க்கலாம். 2014-இல் கான்பூரில் வந்த நிர்பீக் .32, டைட்டானியம் அலாய், சுமார் 500 கிராம். 2023-இல் வந்த பிரபல் சுமார் 700 கிராம். உலோகம் என்றாலே கனம் என்பதில்லை. ஆனால் வாங்கவோ விற்கவோ மாற்றவோ போகும் முன் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, லைசென்ஸ் காலம் ஐந்து வருஷம். துரு மறைக்கிறேன் என்று யாரிடமாவது மேல்பூச்சு போடக் கொடுத்து நம்பர் அழிந்துவிட்டால் அது பெரிய குற்றம்.

முக்கியமானது இது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி, உடம்போடு சேர்ந்த உறையிலோ அதற்கான பையிலோ, முழுக்க மறைந்திருக்க வேண்டும். அதோடு அது உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வேட்டியோடு நழுவுகிற பெல்ட்டில் தொங்குவது கட்டுப்பாடு ஆகாது. வண்டி டிக்கியில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போவதும் ஆகாது.

திருவெறும்பூர் ஃபிட்டர்:

வக்கீல் சார் சொன்ன பிறகு பெல்ட் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். பச்சை பெல்ட் பணமும் செல்போனும் வைக்கச் செய்தது. வாரில் விறைப்பு கிடையாது, முன்னால் பிடிப்பது பட்டன். அதில் அரைக் கிலோவைத் தொங்கவிட்டாலும் திரும்பும், முக்கால் கிலோ என்றாலும் திரும்பும். பாலிமர் வாங்கினாலும் திரும்பும். ரொக்கம் எடுக்கிற நாளில் மட்டும் பேன்ட் போட்டு, ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோல் தைத்த பெல்ட் கட்டுங்கள். விசையை முழுக்க மூடுகிற கெட்டி உறையாக இருக்கட்டும். வேட்டிதான் என்றால் மார்புக் குறுக்கே போடும் பை, உள்ளே துப்பாக்கிக்கென்றே தைத்த தனி அறை, அதில் சாவி, சில்லறை எதுவும் கூடாது.

நீடாமங்கலம் மில்காரர் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஐயா உறையைக் கேட்டதிலிருந்து அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மில்லில் சாம்பிள் நெல் எடை போடும் சின்னத் தராசில், மன்னார்குடி போய் வந்த அன்றே உறையை மட்டும் வைத்தேன். 214 கிராம். காயவைத்து நாலாம் நாள் வைத்தேன். 191. இருபத்து மூன்று கிராம் வேர்வையைத்தான் இத்தனை நாள் பிஸ்டலோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

புள்ளிகள் எண்ணெயில் ஊறிப் போய்விட்டன. திருகுத் தலையில் மட்டும் நகம் தட்டுகிறது, திருச்சியில் காட்டப் போகிறேன். தினமும் துடைத்த பிறகு புதிதாக ஒரு புள்ளிகூட வரவில்லை. பேன்டும் தடித்த பெல்ட்டும் போட்டு இரண்டு தடவை பேங்குக்குப் போய் வந்தேன். கை இடுப்புக்குப் போகவில்லை. பிஸ்டலை விற்கவில்லை. வியாபாரிகளில் ஐந்து பேர் கணக்கில் பணம் போடச் சம்மதித்துவிட்டார்கள், ரொக்கப் பயணம் வாரத்துக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. என் மனைவிக்கு அதில்தான் அதிக நிம்மதி.

ஒரு சந்தேகம் பாக்கி. மேகசினில் எப்போதும் தோட்டா நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா?

திருவெறும்பூர் ஃபிட்டர்:

நல்ல ஸ்பிரிங் அழுந்தியே இருப்பதால் கெடாது தம்பி. அழுந்தி அழுந்தி விடுவதுதான் அதைத் தேய்க்கும். ஆனால் வீட்டில் பிள்ளைகள் என்றால் அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி இறக்கித் தனிப் பூட்டில் வையுங்கள். திருச்சிக்கு வரும்போது பிஸ்டலோடு லைசென்ஸ் புத்தகத்தின் அசலையும் எடுத்து வாருங்கள். நகலைக் காட்டினால் ரிப்பேர்காரர் கையில் வாங்க மாட்டார்.