ஈவினிங் ஸ்டார் எஞ்சின் மாதிரி: புதுப்பிப்பு

கிட்மாஸ்டர் என்ற பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பு நிறுவனத்தின் பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஈவினிங் ஸ்டார் நீராவி ரயில் எஞ்சின் மாதிரியின் பக்கத் தகடு வளைந்திருப்பதையும், எண் ஒட்டிகள் மஞ்சளித்துவிட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் இப்போது சரியாகிவிட்டன. கொதிக்காத சுடுநீரில் தகட்டைச் சற்று நேரம் வைத்து, தட்டையான கண்ணாடியின் மீது எடை ஏற்றி ஆறவிட்டதும் அது நேரானது. ஒட்டிகளைச் சன்னலோரம் சில நாள் வெயிலில் காட்டியதும் மஞ்சள் வெளுத்துவிட்டது.

மாதிரியை ஓடிப் பழகிய எஞ்சின்போலக் காட்டும் அழுக்கேற்றும் வேலையில்தான் அதிக நேரம் சென்றது. பிரிட்டிஷ் ரயில்வேக்காக 1960இல் ஸ்விண்டன் பணிமனையில் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின் இது. 1965இலேயே சேவையிலிருந்து விலக்கப்பட்டதால், உடலெங்கும் துரு படிந்த தோற்றம் இதற்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன். ஆகவே பச்சை வண்ணத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் பூசி, முழுதாக உலர்ந்தபின், நீர்த்த கரும்பழுப்பு எனாமலைக் கொதிகலன் பட்டைகளின் ஓரத்தில் மட்டும் ஓடவிட்டு, மீதியை மேலிருந்து கீழாகத் துடைத்தெடுத்தேன். முதன்முறை வார்னிஷ் பூசாமல் முயன்றபோது அடிவண்ணமும் கலங்கிவிட்டது.

பாதுகாப்பு வால்வின் அடியில் சுண்ணாம்புப் படிவுக்காக மயிரிழை போன்ற மூன்று வெண்கோடுகள் இட்டேன். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. இணைப்புத் தண்டுகளின் மூட்டுகளில் எண்ணெய்ப் பளபளப்பும், இரட்டைப் புகைபோக்கியின் விளிம்பில் மங்கிய கரியும் சேர்ந்துவிட்டன. எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரி சுமக்கும் பெட்டியான டெண்டரில் உண்மையான நிலக்கரித் துகள் நிரப்புவது மட்டுமே மீதமுள்ளது.