செட்டிநாட்டுக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள்: மறைக்கல்வி, புதுநன்மை, தவக்காலம் – அனுபவப் பகிர்வு

காரைக்குடி, மறைக்கல்வி ஆசிரியை:

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் எல்லாச் சிக்கலும் கால அட்டவணையில்தான் தொடங்கும். மறைக்கல்வியை விளையாட்டு பீரியடில் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அது தண்டனை. மற்றவர்கள் பந்து விளையாட, இவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு பத்துக் கட்டளை ஒப்பிப்பார்கள். காலை முதல் பீரியட்தான் சரி. அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்க வேண்டும். "அமைதியாக உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்துவது நன்னெறி ஆகாது. அந்த வகுப்புக்கும் கதை சொல்லத் தெரிந்த ஆசிரியரைப் போடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயம் உட்கார வைக்கக் கூடாது. அரசியலமைப்பு 28(3) சொல்வது இதைத்தான். சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு சம்மதக் கடிதத்தையும் வாங்கி மாணவர் கோப்பில் வைத்தால் வேலை முடிந்தது. கத்தோலிக்கப் பிள்ளைக்கும் வாங்குங்கள். பெற்றோரில் ஒருவர் இந்துவாக இருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளை ஆச்சி வீட்டில், பெற்றோர் சிங்கப்பூரில் என்றால், ஆச்சியின் கையெழுத்தோடு பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதலும் வேண்டும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

புதுநன்மைக்கு, அதாவது பிள்ளை பூசையில் அர்ப்பணித்த அப்பத்தை (இதைத்தான் நன்மை என்கிறோம்) முதல் முறை வாங்குவதற்கு, வருகிறேன். பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்பில் கொடுக்கிறோம். பாடத்தை விடக் காகிதம்தான் முதலில் இழுக்கும். தலைப்பிள்ளைகள் பலர் அம்மாவின் ஊரில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள். சான்றிதழ் அந்த ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து வர வேண்டும். ஞானஸ்நானத் தேதி, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் மூன்றும் இல்லாமல் பதிவேட்டில் தேடுவது சிரமம். ஜூனில் கேட்டால் ஆகஸ்டுக்குள் கைக்கு வரும். புதுநன்மைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டால் எல்லாருக்கும் மனக்கசப்புதான். எமிஸில் (அரசின் மாணவர் விவரப் பதிவு) ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் அந்தோணியம்மாள் என்று இருக்கும். அதைத் திருத்தக் கிளம்பாதீர்கள். விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதினால் போதும்.

ஒப்புரவு (பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம்) முதலில், நன்மை பிறகு. இந்த வரிசை மாறாது. பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது ஐந்து படி: சிலுவை அடையாளம், கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தேன் என்பது (இது முதல் முறை என்றால் அதையே சொல்வது), பாவங்கள், மனஸ்தாப செபம் (பாவத்துக்கு வருந்திச் சொல்வது), சாமியார் சொல்லும் பரிகாரம். நான்காவதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனஸ்தாப செபத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, பிள்ளை மண்டியிடும் இடத்தில் வைத்துவிடுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளையும் அந்த நேரத்தில் அட்டையைத்தான் பார்க்கும்.

நன்மை வாங்கும் ஒத்திகைக்கு அர்ப்பணிக்காத வெறும் அப்பம் பயன்படுத்தலாம். அதைத் தனி டப்பாவில், பெயர் எழுதி, பள்ளியில் வையுங்கள். கோயிலில் பூசைப் பொருட்கள் வைக்கும் திருப்பண்ட அறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கலந்துவிடும். இடது கை மேலே, வலது கை கீழே. "ஆமென்" சொன்ன பிறகே கையில் வாங்குவது, நடந்துகொண்டே சாப்பிடாமல் அங்கேயே நின்று வாயில் போடுவது. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டு எடுக்கப் பார்ப்பார்கள். நாக்கால் தடவி, கொஞ்சம் எச்சில் ஊறவிட்டால் தானே இளகிவிடும் என்று ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

மெழுகுதிரி தனிக் கவலை. பெண்பிள்ளைகளின் நைலான் முக்காட்டுக்கும் திரிக்கும் ஒரு சாண் தூரம்தான். வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கை இடைவெளி விட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பயமில்லை. உண்மையைச் சொன்னால், எரியும் திரி ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது மட்டும் போதும். வீடியோக்காரருக்காகப் பவனி முழுக்க ஏற்றி வைப்பது வீண் வம்பு.

கோட்டையூர், அருட்சகோதரி:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒத்திகை என்ற பெயரில் பிள்ளைகளின் உண்மையான பாவங்களை ஆசிரியர் கேட்பது சில இடங்களில் நடக்கிறது. கூடவே கூடாது. ஒத்திகைக்குக் கற்பனையான பிள்ளை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: தம்பியை அடித்தான், பெட்டிக்கடையில் மிட்டாய் எடுத்தான். மறந்துவிடும் என்று எழுதிக்கொண்டுபோகும் பிள்ளையின் சீட்டை ஆசிரியர் வாங்கக் கூடாது. அந்தப் பிள்ளையே கிழித்துப் போடட்டும்.

இன்னொன்று, நன்மைக்கு முந்தைய ஒரு மணி நேரப் பட்டினி. அந்த ஒரு மணி கணக்கிடப்படுவது நன்மை வாங்கும் நேரத்திலிருந்து, பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. தண்ணீரும் மருந்தும் எடுத்துக்கொள்ளலாம். காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு இது முக்கியமாகிவிட்டது. மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை 9 மணிக்கு என்றால் நன்மை நேரம் ஏறத்தாழ 9.35. பிள்ளைகள் 8.30-க்குள் சாப்பிட்டு முடித்தால் தாராளம். பூசை இருக்கிறது என்று உப்புமாவை மறுத்து, வெறும் வயிற்றோடு நிற்க வைத்தால் முதல் வாசகத்திலேயே இரண்டு பேர் மயங்கி விழுவார்கள்.

புதுவயல், மறைக்கல்வி ஆசிரியர்:

சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருவது தவக்காலத்து (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) முட்டை. சத்துணவு முட்டையை வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் தொடாமல் ஒதுக்குவார்கள், அப்பத்தா சொன்னது என்று. திருச்சபைச் சட்டப்படி புலால் விலக்கு 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான். அதிலும் விலக்கு இறைச்சிக்கு, முட்டைக்கு இல்லை. ஆனால் வகுப்பில் நின்று "உங்கள் அப்பத்தா சொன்னது தப்பு" என்று அறிவிக்காதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வளரும் பிள்ளை முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, மிட்டாய்க் காசைத் தவக்கால உண்டியலில் போடட்டும். அப்பத்தாமார்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலைச் செய்வது பற்றி யாரும் எழுதவில்லை. போன வருடக் குருத்து ஞாயிறன்று வாங்கிய குருத்தோலையைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, இரண்டு வாரம் முன்பே அறிவியுங்கள். சிலுவையாகப் பின்னிய ஓலையில் நைலான் நூலோ பிளாஸ்டிக் ரிப்பனோ இருக்கும். பிரித்து எடுக்காமல் எரித்தால் உருகிக் கருப்புப் பசையாகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரும்புச் சட்டியில், திறந்த வெளியில் எரித்து, முழுக்க ஆறிய பின் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். ஒரு கை சாம்பல் ஒரு பள்ளிக்கே தாராளம். தண்ணீர் ஊற்றிக் குழைக்க வேண்டாம். சாம்பலும் நீரும் சேர்ந்தால் காரத்தன்மை வரும், பிள்ளைகளின் நெற்றி எரிந்து சிவந்துவிடும். உலர்ந்தபடியே பூசுங்கள். ஒட்டவில்லை என்றால் இரண்டு சொட்டு எண்ணெய்.

அதே நாட்களில்தான் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவும் வரும். வகுப்பில் பாதிப் பேர் காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி இருப்பார்கள். ஒரே பெஞ்சில் ஒருவன் ஒருசந்தி (தவக்கால நோன்பு), இன்னொருவன் பால்குட விரதம். யாருடைய விரதம் பெரிது என்று சண்டை வரும் முன் ஆசிரியர் இரண்டையும் பற்றிப் பேசிவிட வேண்டும். பால்குடம் எடுக்கும் நாளில் சிலுவைப் பாதை (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நினைக்கும் செபம்) வைத்தால் ஆட்டோ கிடைக்காது, பிள்ளைகள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். திருவிழா அழைப்பிதழ் வந்ததும் தவக்கால அட்டவணை போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் பதினான்கு நிலையும் அதிகம். வாரம் மூன்று நிலை, படத்தைக் காட்டி, இருபது நிமிடம் போதும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

ஜெபமாலைக்கும் இதே கணக்குதான். அக்டோபரில் பள்ளி நாளுக்கு ஒரு பத்து மணி, அதாவது ஒரு மறைபொருள் (இயேசு, மரியாள் வாழ்வின் ஒரு நிகழ்வு) என்று வைத்தால் ஒரு வாரத்தில் ஒரு வகை மறைபொருள் ஐந்தும் முடியும். மகிழ்ச்சி, ஒளி, துயர், மகிமை என நான்கு வாரம், இருபது மறைபொருள். ஆயுத பூஜையும் தீபாவளியும் குறுக்கே வந்து ஒரு வாரத்தைத் தின்றுவிடும், நவம்பரில் முடித்துக்கொள்ளலாம். எந்தக் கிழமைக்கு எந்த மறைபொருள் என்ற முறையை வீட்டு ஜெபமாலைக்கு விட்டுவிடுங்கள்.

புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கொல்லப்பட்ட ஓரியூருக்குப் பிள்ளைகளை எப்போது அழைத்துப் போவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாள் அன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். கூட்டம் அடங்கிய பின் ஒரு சனிக்கிழமை போதும். தைப்பூசமும் அந்த வாக்கில்தான் வரும், பழனிப் பாதயாத்திரைக்குப் போன வீடுகளில் பிள்ளையை அனுப்ப ஆள் இருக்காது. கதை சொல்லும்போது கவனம். 1693-இல் சேதுபதி ஆட்சியில் அவர் கொல்லப்பட்டதை "கெட்ட ராஜா, நல்ல சாமியார்" என்று சுருக்கினால், சேதுபதி சீமையைத் தங்கள் சீமையாக நினைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அரச குடும்பத்துத் தடியத்தேவர் அருளானந்தரால் மனந்திரும்பி ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்தது, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதிக்கு உறவுப் பெண், அதனால் அரண்மனைக்குள் எழுந்த கோபம் என்று காரணத்தோடு சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். அவர் இரத்தம் சிந்திச் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண்ணை எடுத்து வர ஆளுக்கு ஒரு சின்ன மூடிபோட்ட டப்பா கொடுங்கள். சட்டைப்பையில் அள்ளினால் வெள்ளைச் சட்டையில் கறை போகாது.

கோட்டையூர், அருட்சகோதரி:

டிசம்பருக்குச் சின்னக் குறிப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் முன் கிறிஸ்து பிறப்பு விழா வைத்தாக வேண்டும், அதனால் இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடிலுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். புல்லுக்குக் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, அகலத் தட்டில் ஈரமண்ணில் நெருக்கமாகத் தூவி, விழாவுக்கு எட்டு நாள் முன்பே வைத்துவிடுங்கள். தேர்வு நேரத்தில் தண்ணீர் தெளிக்க ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேருக்குப் பொறுப்புக் கொடுங்கள், அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. வைக்கோல் கூரைமேல் சீரியல் லைட்டைப் படரவிடாதீர்கள். மரச்சட்டத்தில் கட்டி, பள்ளி மணி அடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.