திருநின்றவூர் தளமும் சோளிங்கர் மேகமும்

குடும்பக் குழு, ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை

செல்வம் மாமா, 4:02
திருநின்றவூர் வீட்டுக்கு இன்று ரூஃப் கான்கிரீட். ரெடிமிக்ஸ் லாரி ஆறு மணிக்கு வரும். வெயில் கொளுத்துகிறது, மழை பயம் இல்லை.

யாழினி, 4:06
மாமா, லாரியைக் கிளம்பச் சொல்லாதீர்கள். சென்னை ராடார் படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். சோளிங்கர் மேலே சிவப்பாக இருக்கிறதே, அது இடிமேகம்.

செல்வம் மாமா, 4:09
சோளிங்கர் எங்கே, நாம் எங்கே? அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்குமே அம்மா.

யாழினி, 4:13
ஒரு படத்தை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை மாமா. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வருகிறது. கடைசி ஒரு மணி நேரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே வருகிறது. இந்த மாதத்தில் மேலே வீசும் மேற்குக் காற்று இதை நம் பக்கம்தான் தள்ளும். ஆறு, ஆறேகாலுக்கு உங்கள் தலைக்கு மேல் இருக்கும்.

வேலூர் பெரியம்மா, 4:20
போன வாரம் எங்கள் ஊர் மேலே பச்சையாகக் காட்டியது. ஒரு சொட்டு விழவில்லையே யாழினி?

யாழினி, 4:26
அப்படியும் நடக்கும் பெரியம்மா. ராடார் சென்னைத் துறைமுகத்தில், கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. கதிரைச் சற்று மேல்நோக்கித்தான் அனுப்புவார்கள், பூமியும் வளைந்து இறங்குகிறது. வேலூருக்கு வரும்போது கதிர் தரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உயரத்தில் போகும். அங்கே இருக்கும் லேசான மழை கீழே வருவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடலாம். சோளிங்கரில் இருப்பது அந்த ரகம் இல்லை. மழையில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலுவை டிபிஇசட் என்ற அளவில் சொல்வார்கள், அங்கே 50 டிபிஇசட்டுக்கு மேல் காட்டுகிறது. அவ்வளவு எதிரொலி வந்தால் கனமழைதான், ஆலங்கட்டியும் இருக்கலாம்.

திருத்தணி சித்தி, 4:51
இங்கே இருட்டிவிட்டது. ஒரே புழுதி. கொடியில் கிடந்த துணியை இப்போதுதான் அள்ளிக்கொண்டு வந்தேன்.

திருத்தணி சித்தி, 4:58
கொட்டுகிறது!!

செல்வம் மாமா, 5:01
லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இன்னும் பிளான்டை விட்டுக் கிளம்பவில்லை, நல்லவேளை.

செல்வம் மாமா, 5:34
ராடார் படத்தில் மழைக்கு முன்னால் வில் மாதிரி ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. அதுவும் மழையா?

யாழினி, 5:36
இல்லை மாமா. இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி வருகிறது. அதன் முனையில் சேரும் தூசியும் பூச்சிகளும்தான் ராடாரில் கோடாகத் தெரிகின்றன. மழைக்கு முன்னால் இந்தக் காற்று வரும். சிமென்ட் மூட்டைமேல் போட்ட தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். சாரத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

செல்வம் மாமா, 5:55
காற்று வந்துவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டேன்.

செல்வம் மாமா, 6:17
பலத்த மழை. பள்ளிக்கரணையில் இருக்கும் இன்னொரு ராடாரின் படத்தில் இதற்குப் பின்னால் மேற்கே ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு லாரியை வரச் சொல்லட்டுமா?

யாழினி, 6:22
அந்தப் படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது எக்ஸ் பேண்ட் என்ற வகை, அலைநீளம் சுமார் 3 செ.மீ.தான். அருகில் இருப்பதை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் கனமழைக்குள் புகுந்ததும் வலுவிழந்துவிடும், பின்னால் இருப்பது மறைந்துபோகும். துறைமுக ராடார் எஸ் பேண்ட், சுமார் 10 செ.மீ. அது மழையைத் தாண்டியும் பார்க்கும். அதில் ராணிப்பேட்டை பக்கம் இன்னொரு மேகக் கூட்டம் தெரிகிறது. அப்புறம், இனிமேல் முளைக்கப் போகும் மேகம் எந்த ராடாரிலும் தெரியாது. காலையில் போடுங்கள் மாமா.

செல்வம் மாமா, 6:30
சரி, காலை ஏழு மணிக்கு மாற்றிவிட்டேன். சென்ட்ரிங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி.

திருத்தணி சித்தி, 6:33
இந்தப் படத்தை எங்கே பார்க்கிறாய்?

யாழினி, 6:34
வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் சித்தி. ராடார் பகுதிக்குப் போய்ச் சென்னையைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரத்தை முதலில் பாருங்கள், பழைய படமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.