உதவி: ஊசி போட்டு நாலு நாள் ஆச்சு, வியர்வை நிற்கவில்லை

செல்வம்_எஸ் (திங்கள், இரவு 11:40)
வணக்கம். அதிக வியர்வைக்கு போடாக்ஸ் (பொட்டுலினம் டாக்சின்) ஊசி போட்டுக்கொண்டேன். இன்றோடு நாலு நாள். நிற்கவே இல்லை. கடன் வாங்கிப் போட்டது. போட்டுவிட்ட டாக்டர் வெளியூரில் இருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவாராம். பிடி வேறு விட்டுப்போகிறது. ஊசி தவறிப்போச்சா, மருந்தே சரியில்லையா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொங்குப்பையன்
எந்த இடத்தில் போட்டீர்கள் சகோ? அக்குளா, உள்ளங்கையா, பாதமா? எத்தனை யூனிட்? முதல் தடவையா?

மலர்_சேலம்
பயப்படாதீர்கள் தம்பி. நான் அக்குளுக்கு இரண்டு முறை போட்டிருக்கிறேன், பக்கத்துக்கு 50 யூனிட். முதலில் அயோடின் தடவி, அது காய்ந்ததும் ஸ்டார்ச் மாவு தூவினார்கள். வியர்க்கும் இடம் மட்டும் கருநீலமாக மாறியது. அதற்குள் பேனாவால் புள்ளி வைத்து, தோலோடு மேலாகக் குத்தினார்கள். பதினைந்து குத்து. எறும்பு கடித்த மாதிரி தடித்து, சாயங்காலத்துக்குள் அமுங்கிவிட்டது. மூன்றாம் நாள் வலப்பக்கம் காய்ந்தது. இடப்பக்கம் ஒன்பதாம் நாள்தான். அன்றைக்குச் சாம்பல் நிறச் சுடிதார் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றேன், பல வருஷம் கழித்து. ஏழு மாதம் தாங்கியது. உங்களுக்கும் இரண்டு வாரம் முழுசாகப் போகட்டும்.

வேர்களைத்தேடி
வியர்வை உடம்பின் கழிவு. ஒரு வாசலை அடைத்தால் அத்தனையும் சிறுநீரகத்தின் தலையில்தான் விழும். நன்னாரி, மோர், வெந்தயம் என்று சூட்டைத் தணித்தாலே போதும். ஊசி எதற்கு?

கொங்குப்பையன்
தம்பி, இடத்தைச் சொல்லுங்கள்!

பழைய_உறுப்பினர்
ஒன்பது வருடமாக இங்கே பதில் எழுதுகிறேன். கேள்வியை ஒழுங்காகக் கேட்க இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 2004இல் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது அக்குள் வியர்வைக்கு. உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் போடுகிறார்கள். இரண்டிலும் பின்விளைவு வேறு வேறு. யூனிட் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றின் 50 இன்னொன்றின் 50 ஆகாது. மலர் அவர்களின் கதை அக்குள் கதை. ‘பிடி விட்டுப்போகிறது’ என்று கேட்டவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். இந்தப் பதிவில் முக்கியமே அந்த ஒரு வரிதான், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

செல்வம்_எஸ் (செவ்வாய், காலை 7:05)
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போச்சு. இரண்டு உள்ளங்கையும். முதல் தடவை. யூனிட் தெரியாது. மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் குத்தினார்கள். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வியர்வை போர்டில் சொட்டுகிறது, கையுறை போட்டால் உள்ளே குளமாகத் தேங்குகிறது. அதனால்தான் போட்டேன். இப்போது விரல் நுனி காய்ந்திருக்கிறது, நடுக்கை ஈரம். ட்வீசரில் திருகாணியை எடுத்தால் நழுவி விழுகிறது. சட்டைப் பித்தான் போட அம்மாவைக் கூப்பிட்டேன்.

மருந்தகம்_வாணி
தம்பி, நுனி காய்ந்திருக்கிறது என்றால் மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நரம்பு வியர்வைச் சுரப்பிக்கு அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான் ‘சுர’ என்று சொல்கிறது. இந்த மருந்து அதை வெளியே விடாமல் தடுக்கிறது. தசைக்கும் நரம்பு அதே பொருளால்தான் சொல்கிறது. உள்ளங்கையில் தோலுக்குக் கீழேயே கட்டைவிரல் சதை இருப்பதால் மருந்து கொஞ்சம் கசிந்து இறங்கிவிடும். அதனால்தான் கிள்ளும் பிடி தளர்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் திரும்பும். அதுவரை நுணுக்க வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள். சால்டரிங் பிடிக்கும்போது கவனம்.

ஆனால் விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், இமை தொங்குதல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் டாக்டர் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரிதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்தும் திட்டுத் திட்டாக ஈரம் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி போடலாமா என்று கேளுங்கள். உள்ளங்கைக்கு அக்குள் அளவுக்கு நாள் தாங்காது, இதையும் மனதில் வையுங்கள்.

நெல்லை_ராஜா
இதற்கு ஆபரேஷனே மேல் என்று என்னிடம் சொன்னார்கள், மார்புக்குள் நரம்பை வெட்டினேன். கை அன்றைக்கே காய்ந்தது. இப்போது முதுகும் தொடையும் ஊற்றுகிறது, பைக் சீட் நனைந்துவிடும். வெட்டினதை ஒட்ட முடியாது. தம்பி, ஊசியோடு நில்லுங்கள்.

வேர்களைத்தேடி
பார்த்தீர்களா, அடைத்தால் வேறு வழியாக வரும் என்று நான் சொன்னதுதான்.

மருந்தகம்_வாணி
ஐயா, ராஜா அண்ணன் சொல்வது ஆபரேஷனில் வருவது. ஊசியில் அது அவ்வளவாக வருவதில்லை. வியர்வையில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான், உடம்பைக் குளிர்விக்க வருகிறது. கழிவு பிரிப்பது சிறுநீரகத்தின் வேலை, கை காய்ந்ததால் அதற்குச் சுமை அதிகமாகாது. மோர் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் இது சூடு இல்லை. குளிர்காலத்திலும் ஏசி அறையிலும் சொட்டும் கை இது.

வேர்களைத்தேடி
என் அனுபவம் நாற்பது வருடம் அம்மா.

மலர்_சேலம்
நாற்பது வருடத்தில் ஒரு நாளாவது பரீட்சைத் தாள் கைக்குக் கீழே நனைந்து கிழிந்திருக்கிறதா ஐயா? எனக்குப் பத்தாம் வகுப்பில் கிழிந்தது. கைக்குட்டையை விரித்து அதன்மேல் கை வைத்து எழுதினேன்.

பழைய_உறுப்பினர்
தலைப்பை விட்டு விலக வேண்டாம். கேட்டவர் தைராய்டு, சர்க்கரை பார்த்தாரா? சின்ன வயதிலிருந்தா, திடீரென்றா? திடீரென்று வந்ததென்றால் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

செல்வம்_எஸ் (அடுத்த புதன், இரவு 10:15)
சின்ன வயதிலிருந்தே. டாக்டர் வந்துவிட்டார், வாணி அக்கா சொன்னதையேதான் சொன்னார். வலது கை முழுசாகக் காய்ந்துவிட்டது. இடது கையில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஈரம். பித்தான் நானே போடுகிறேன், ட்வீசர் இன்னும் கொஞ்சம் நழுவுகிறது. எல்லாருக்கும் நன்றி.