பேராலயக் கற்களில் உள்ள கல்தச்சர் குறிகள்: கூலிக் கணக்கா, கையொப்பமா?

கேள்வி:
வணக்கம். இடைக்கால ஐரோப்பியப் பேராலயங்களின் சுவர்க் கற்களில் அம்பு, முக்கோணம், குறுக்குக் கோடுகள் என உள்ளங்கைக்குள் அடங்கும் குறிகள் வெட்டப்பட்டிருப்பதைப் படங்களில் காண்கிறேன். கல்தச்சர்கள் தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்று இட்டவையா இவை? அப்படியானால், ஒரே கட்டடத்தில் ஒரு பகுதியில் ஏராளமாகவும் மற்றொரு பகுதியில் அறவே இல்லாமலும் இருப்பது ஏன்?

முதல் பதில்:
பெரும்பாலானவை கூலிக்காக இடப்பட்டவை என்பதே என் கருத்து. செதுக்கிய கற்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெற்றவர், எந்தக் கல் தம்முடையது என்று மேற்பார்வையாளருக்குக் காட்ட வேண்டியிருந்தது. நாட்கூலிக்கு உழைத்தவருக்கு அந்தத் தேவை இல்லை. குறியில்லாத சுவரைத் திறமை குறைந்தவர் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். உளியால் சில வெட்டுகளில் முடிந்துவிட வேண்டும் என்பதால்தான் அநேகக் குறிகள் நேர்க்கோடுகளால் ஆனவை. கட்டும்போது உட்புறம் மறைந்துவிடும் முகத்திலும் பல உண்டு. பெயர் நிலைக்க விரும்பியவர் அங்கே வெட்டியிருப்பாரா? கல்லை எந்த இடத்தில் பொருத்துவது என்பதற்கான குறிகளும் உண்டு. அவை வேறு வகை.

இரண்டாம் பதில்:
தொடக்கத்திற்கு இது பொருந்தும். ஆனால் காலப்போக்கில் குறி என்பது ஒருவரின் தொழில் மரியாதையாகவே மாறியது. ஜெர்மானியக் கல்தச்சர்கள் 1459இல் ரேகன்ஸ்பர்க்கில் கூடிப் பொது விதிகளை வகுத்தார்கள். அந்த மரபில் வந்த 1563ஆம் ஆண்டு விதிகள், தொழிற்குழு வழங்கிய குறியை எவரும் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது என்றே சொல்கின்றன. ஸ்காட்லாந்தில் அரசரின் கட்டட வேலைகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598இல் வெளியிட்ட விதிகள், தேர்ச்சி பெற்றவராக ஏற்கப்படுபவரின் பெயரோடு குறியையும் பதிவேட்டில் எழுதச் சொல்கின்றன. ப்ராக் நகரின் புனித வீட்டுஸ் பேராலயத்தில், தலைமைக் கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லரின் மார்பளவுச் சிலையில், அவர் குடும்பத்தின் மடங்கிய கோணக் குறி, பிரபுக்களின் குலச்சின்னம் போலக் கேடயத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அரசர், அரசியர் சிலைகள் நிற்கும் வரிசையிலேயே அந்தச் சிலையும் இருக்கிறது! கூலிக் கணக்கு மட்டும்தான் என்றால் இந்த உயர்வை எப்படி விளக்குவது?

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரே குறி இரண்டு ஊர்களில் இருந்தால், ஒருவரே இரண்டு இடங்களிலும் வேலை செய்தார் என்று கொள்ளலாமா?

முதல் பதிலளித்தவர்:
குறியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல இயலாது. நான்கைந்து கோடுகளால் ஆன எளிய வடிவம் தொடர்பே இல்லாத பலருக்கு அமைந்துவிடும். கட்டப்பட்ட காலம், உளித்தடம், கூடவே வரும் மற்றக் குறிகள் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் அந்த ஊகத்துக்கு வலு உண்டு. அதிலும் ஒரே குறித் தொகுதி இரண்டு ஊர்களிலும் தென்பட்டால், ஒரு குழுவே இடம்பெயர்ந்தது என்று கருத நியாயம் இருக்கிறது.