இலங்கை வானொலியும் அம்மாவின் நடனமும்

கோத்தகிரிப் பக்கம், தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த எங்களுக்குப் பழைய திரைப்பாடல்கள் எல்லாமே இலங்கை வானொலியின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கும்போது கொழுந்து பறிக்கப் புறப்படும் அம்மா, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டியபடியே அடுத்து வரும் பாட்டு எது என்று காதுகொடுத்து நிற்பார். சென்னையில் பதிவான பாட்டு கொழும்புக்குப் போய், கடல் கடந்து நீலகிரிக்கு ஏறி வருவது எனக்கு அன்று விந்தையாகத் தோன்றவில்லை. எங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்திருந்தது.

1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வதென முடிவு செய்தது. அந்தக் கணக்கில் அம்மா இந்தப் பக்கமும், அவருடைய தங்கை அந்தப் பக்கமுமாகப் பிரிந்தார்கள். ஊரைப் பற்றி அம்மா தானாக எதுவும் பேசமாட்டார். ஆனால் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் போட்டி நடனப் பாட்டு, பி. லீலாவும் ஜிக்கியும் பாடியது, வானொலியில் வந்துவிட்டால் போதும். இலங்கை மலையகத்து ஊரான அட்டனில் அந்தப் படத்தைப் பார்த்தது, திரும்பும் வழியில் தங்கையும் தானும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆடிக் காட்டியது, பத்மினியாக யார், வைஜயந்திமாலாவாக யார் என்று சண்டை பிடித்தது என ஒவ்வொன்றாகச் சொல்வார். 1958-இல் வந்த அந்தப் படத்தை நான் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அம்மாவின் கையசைவிலும் கண்ணசைவிலும் அந்த நடனத்தைப் பார்த்துவிட்டேன். சமையலறையின் ஈர மண்தரையில், அடுப்பு வெளிச்சத்தில் அவர் பத்மினியின் அடவுகளை ஆடுவார். சின்னம்மாவின் இடத்தில் என்னை நிறுத்தி, வைஜயந்திமாலாவாக ஆடச் சொல்வார். "இதே பாட்டை உன் சின்னம்மாவும் இப்போது அங்கே கேட்டுக்கொண்டிருப்பாள்" என்று அம்மா சொன்னதை நான் முழுமையாக நம்பினேன். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்திருக்கும்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் திரை கட்டி 'தில்லானா மோகனாம்பாள்' காட்டிய இரவும் மறக்கக்கூடியதன்று. மூடுபனி திரைக்கு முன்னால் வந்து நிற்க, சிவாஜியின் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் மட்டும் பனியைப் பொருட்படுத்தாமல் லயம் முழுவதும் கேட்டது. அந்தக் கதையை எழுதிய கொத்தமங்கலம் சுப்புதான் போட்டி நடனப் பாட்டையும் எழுதியவர் என்று பிற்காலத்தில் அறிந்தபோது, என் சிறுவயதின் இரண்டு பெரிய மகிழ்ச்சிகளும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று நெகிழ்ந்தேன்.

குன்னூரில் பரதம் பயிலும் என் மகள் சென்ற பொங்கலன்று அந்த நடனத்தைக் கைபேசியில் போட, அட்டனிலிருந்து காணொளி அழைப்பில் சின்னம்மாவும் சேர்ந்துகொண்டார். பத்மினியின் முகபாவத்துக்கு ஈடே இல்லை என்று அம்மா தொடங்கினார். வைஜயந்திமாலாவின் வேகத்துக்கு முன்னால் அதெல்லாம் நிற்காது என்று சின்னம்மா மறுத்தார். பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியும் இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.